ஒடுக்கம் இல்லாத பொருள்

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு என்று விளங்கப்படுத்த ஆய்வுகூடம் தேவையில்லை. ஓர் ஐஸ்கட்டியும் ஒரு கற்பூரக் கட்டியும் போதும். கற்பூரத்தை நான் கொளுத்துவதில்லை. தட்டில் திறந்து வைப்பேன். நாளாக நாளாக அது சிறுக்கும். தட்டில் ஈரம் இராது, வகுப்பறை முழுக்கக் கோயில் வாசம் இருக்கும். திண்மம் திரவமாகாமலே வாயுவாவதைத் திருகோணமலைப் பிள்ளைகள் மூக்கால் படிக்கிறார்கள்.

அதே பாடத்தில் பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "பொலித்தீனும் சூடாக்கினா உருகும், ஆறினா இறுகும். அதுவும் மாறுதுதானே ரீச்சர்? பிறகேன் அழியாது எண்டு சொல்லுறீங்கள்?"

அவள் கேட்டது விஞ்ஞானக் கேள்வி மட்டுமல்ல. நிலை மாறுவது வேறு, பொருள் மாறுவது வேறு. ஐஸ் உருகினாலும் தண்ணீர்தான், ஆவியானாலும் தண்ணீர்தான். அப்படிப் பார்த்தால் தண்ணீரும் அழிவதில்லை. கொட்டியாரக் குடாவில் ஆவியாகும் நீர் மழையாகித் தம்பலகாமத்து வயலில் இறங்குகிறது. அது நெல்லுக்குள் போகிறது, நமக்குள் வருகிறது, மறுபடி கடலைச் சேர்கிறது. அது என்றைக்கும் இருப்பதால் யாருக்கும் கேடில்லை. பொலித்தீன் பையோ வெயிலில் காய்ந்து துண்டாகி, துண்டு தூளாகி, தூளிலும் பொலித்தீனாகவே நிற்கிறது. எந்த வேரும் அதை உண்ணுவதில்லை. குறை அதன் ஆயுளில் இல்லை. இன்னோர் உயிருக்கு உணவாக அதற்கு வழியில்லை என்பதே குறை.

சைவநெறிப் பாடமும் இதே பிள்ளைகளுக்குத்தான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பதிலிருந்தே தொடங்குகிறது. இல்லாதது தோன்றாது, உள்ளது இல்லாமற் போகாது. உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து வந்தது மாயையில் ஒடுங்கும். இந்த ஒடுக்கத்தைச் சைவ சித்தாந்தம் தண்டனையாகக் கொள்ளவில்லை. பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் இளைப்பாறல் அது. ஆகவே படைத்தல் எவ்வளவு அருளோ, அழித்தலும் அவ்வளவு அருள்.

அப்படியானால் பிளாஸ்டிக் பாவப் பொருளா? இல்லை. மாயையின் காரியங்கள் எல்லாம் உயிருக்கு உதவவே தரப்பட்டவை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் குழாயும் பிளாஸ்டிக்தான். பிழை பொருளில் இல்லை. இறைவனின் ஐந்தொழிலில் முதலாவதான படைத்தலை மனிதன் தன் கையில் எடுத்தான், மூன்றாவதான அழித்தலை எடுக்கவில்லை. ஒடுக்கத் தெரியாததை ஓயாமல் படைக்கிறான்.

"மகாசங்காரத்தில் எல்லாம் ஒடுங்கும், பொலித்தீன் மட்டும் எங்கே போகும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அது இறைவனின் காலக்கணக்கு. பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறுபவர்கள் வழியில் புள்ளிமான்களைக் காண்பார்கள். உப்பும் சோறும் ஒட்டிய பைகளை அவை மெல்லுவதை இந்த நகரத்தார் கண்டிருக்கிறோம். அந்த மானின் வயிற்றுக்கு மகாசங்காரம் வரை பொறுக்க நேரமில்லை. இறைவன் ஒடுக்குவான் என்று நம் குப்பையை அவன்மேல் போடுவது பக்தியாகாது.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளில் பெருமளவு கடலில் கலந்து, மேற்குக் கரையில் வெள்ளையாக ஒதுங்கியது. பையாகவோ போத்தலாகவோ ஆகும் முன்பே, ஒருவரும் ஒரு தடவைகூடப் பாவிக்காத பொருள் அது. மணலைச் சல்லடையிட்டு அரித்தவர்களால் அதை முழுதாக மீட்க முடியவில்லை. ஒடுக்கும் வழியில்லாமல் படைப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கரும்பலகையில் எழுத முடியாது.

"எரிச்சா வாயுவாகிடும்தானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆகும். ஆனால் முற்றத்தில் எரியும் பொலித்தீனின் புகையும் கரியும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகும். அதனால் ஒடுக்கம் நடப்பதில்லை, இடம்தான் மாறுகிறது.

நம்மவர் இறந்தால் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் கிரியை செய்கிறோம். உடல் வந்த இடத்துக்குத் திரும்பவேண்டும் என்பதில் அத்தனை அக்கறை நமக்கு. அந்த அக்கறை நாம் கையில் எடுக்கும் பொருள்களுக்கும் வேண்டும். பூவும் வெற்றிலையும் வாழையிலையும் தேங்காயும் தாமாகவே திரும்பும். பூசைக்கு நம் முன்னோர் வைத்தவை அநேகமாக அப்படிப்பட்டவையே. அவற்றைப் பொலித்தீன் பையில் போட்டுச் சந்நிதிக்குக் கொண்டுபோகிறோமே, அங்கேதான் வழிபாடு முறிகிறது. பிளாஸ்டிக் மாலையையும் இடியப்பத் தட்டையும் 2023 ஒக்டோபர் 1 முதல் அரசு தடைசெய்தது. சட்டம் கடையை மட்டும் கட்டும். வாங்கும் கையைச் சமயம்தான் கட்ட முடியும்.

ஆகவே என் வகுப்பில் நிலைமாற்றப் பாடம் இன்னொரு கேள்வியோடுதான் முடியும்: இந்தப் பொருள் உன் கையை விட்டபின் எதுவாகும்? விடை சொல்ல முடியாததை வாங்காதே, வாங்கத்தான் வேண்டுமென்றால் அதன் கடைசி வரை நீயே பொறுப்பு என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது வயதில் இதை விளங்கிக்கொள்ளும் பிள்ளை சித்தாந்தத்தின் வாசலைத் தாண்டிவிட்டது என்றே நம்புகிறேன். ஆலய அறங்காவலர்களும் ஒவ்வொரு அர்ச்சனைத் தட்டின் முன்னும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும்.