தனிக் கொடி காய்ப்பதில்லை



எங்கள் அறைவீட்டுக் கிணற்றடிப் பந்தலிலே மஞ்சள் கொடித்தோடை ஒன்று படர்ந்து நிற்கின்றது. அதன் பூவை உற்றுப் பார்த்திருக்கின்றீர்களா? நடுவே ஆணிகளைப் போல மூன்று சூல்முடிகள். அவற்றின் கீழே ஐந்து மகரந்தப் பைகள். சுற்றிவர முண்முடி போன்ற இழைவட்டம். அமெரிக்க நாடுகளுக்குச் சென்ற ஸ்பானிய மறைபோதகர்கள் இதிலே ஆண்டவரின் திருப்பாடுகளைக் கண்டனர். 1610இல் உரோமையிலே கியாக்கோமோ போசியோ என்பவர் சிலுவையைப் பற்றிய தமது நூலில் இப்பூவை விவரித்தார். பாடுகளின் பூ என்ற பெயரே ஐரோப்பிய மொழிகளில் இன்றும் வழங்குகின்றது.

நட்ட கொடி பந்தலை மூடியது, பூத்துக் குலுங்கியது. காயோ ஒன்றுமில்லை. நண்பகலில் விரிந்த பூ இரவில் குவிந்து, பின் உதிர்ந்துவிடும். எரு இட்டேன்; நீர் வார்த்தேன். அதே கொடியில் ஒரு தண்டை வெட்டி அருகிலே நட்டேன். அதுவும் பூத்தது, காய்க்கவில்லை.

பூசைக்கு வந்த முதிய கமக்காரர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். "சுவாமி, இந்தக் கொடி தன்ரை மகரந்தத்தைத் தானே ஏற்காது. வெட்டி நட்டதும் அதே கொடிதானே? வேறை வளவிலையிருந்து ஒரு விதைக்கண்டு கொண்டுவந்து வையுங்கோ. மிச்சத்தைக் கருவண்டு பாத்துக்கொள்ளும்" என்றார்.

அப்படியே செய்தேன். புதுக் கன்று பூத்தபோது வண்டு இரண்டுக்கும் இடையே பறந்தது. பந்தலெங்கும் காய் தொங்கிற்று.

வாசகரே, கொடியில் நோயில்லை, உரத்தில் குறையில்லை. தனிமையே அதன் மலடு. நாம் நாள்தோறும் பூசை காண்கின்றோம், செபமாலை சொல்கின்றோம். ஆனால், எல்லைவேலிக் கதியால் ஒன்றுக்காக அயலவரோடு பத்து வருடம் பேசாதிருக்கின்றோம். நம் தண்டையே வெட்டி நட்டாற் போன்றவரோடு மட்டும் உறவாடுகின்றோம். அங்கே பூ உண்டு, கனி இல்லை. யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்திலே, கொடியையும் கனியையும் பற்றிப் பேசிய ஆண்டவர், அதே மூச்சில் ஒருவரையொருவர் நேசிக்கச் சொன்னதை மறந்துவிடுகின்றோம்.

இன்னுமொன்று. காய்த்து ஓய்ந்த கொடியை நறுக்கிவிட வேண்டும். புதுத் தளிரிலேதான் மறுபடி பூ வரும். பழைய மனத்தாங்கலை வைத்துக்கொண்டு புதுக் கனி தேடுவது வீண்.

இந்த ஞாயிறு, காணிக்கையோடு பீடத்தண்டை வருமுன், யாருடைய படலையைத் தட்ட வேண்டுமென்பதை நீங்களே அறிவீர்கள். வெறுங்கையோடு போகக் கூச்சமாயிருந்தால், அறைவீட்டுக்கு வாருங்கள். பழம் நிறையக் கிடக்கின்றது.