யார் காணப் போகிறார்?

கல்வியைக் கலை என்றும் அறிவியல் என்றும் இரண்டாக வகுத்து, முன்னதை மனத்திற்கும் பின்னதை வயிற்றிற்கும் உரியதாகக் கருதுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். இப்பாகுபாட்டைச் சற்றே தடுமாற வைப்பது அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளின் பாடப்பட்டியல். 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய இவ்வகைக் கல்லூரிகள், பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பினைத் தந்து, கற்றவரைத் தொழிலுக்கோ மேற்படிப்பிற்கோ அனுப்பி வைப்பவை. அவற்றுள் சிலவற்றின் பட்டியலில் இசை நிகழ்த்துதல், ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம், அணு மருத்துவத் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒரே நூலின் பக்கங்களில் இடம்பெற்றிருக்கும்.

சந்தையில் கத்தரிக்காயும் கண்ணாடி வளையலும் அடுத்தடுத்த கடைகளில் கிடப்பதைப் போன்றது இது என்று நகைத்து நகர்ந்து விடலாம். ஆயினும் இம்மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணும்போது ஓர் அறவினா எழுகிறது. மூன்றிலும் ஒருவர் செய்யும் வேலையின் பயனை வேறொருவர் பெறுகிறார். பெறுகின்றவர் அவ்வேலை சரியாகச் செய்யப்பட்டதா என்பதை எந்த அளவிற்குக் கண்டுகொள்ள முடியும் என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. எவராலும் கண்டுகொள்ள முடியாத இடத்தில் ஒருவன் நேர்மையாக இருப்பது எதனால்? அந்நேர்மையைக் கல்லூரியில் கற்பிக்க இயலுமா?

இசை நிகழ்த்துவோனின் நிலை ஓரளவு எளியது. சுருதி பிசகினால் அவையினர் முகம் சுளிப்பர். பருவ முடிவில் ஆசிரியர் குழுவின் முன் தனியாக நின்று பாடவோ வாசிக்கவோ வேண்டும். அங்கே சாக்குப் போக்கிற்கு இடமில்லை. தவறு பிறந்த நொடியிலேயே அம்பலமாகி விடுகிறது.

ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவைத் திறந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. காந்த நாடா வந்தபின், இசையை வெட்டவும் ஒட்டவும் முடிந்தது. கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964ஆம் ஆண்டில் மேடைக் கச்சேரிகளை அறவே துறந்து பதிவுக்கூடத்திற்குள் புகுந்தார். பாக் இயற்றிய இசைப்பகுதி ஒன்றை எட்டு முறை வாசித்துப் பதிந்தபின், ஆறாம் பதிவையும் எட்டாம் பதிவையும் இணைத்து ஒன்றாக்கியதாக அவரே 1966இல் எழுதினார். அப்படியொரு வாசிப்பு எந்த நாளிலும் எந்த அறையிலும் நிகழவில்லை; ஆனால் கேட்போர்க்கு அது முழுமையான வாசிப்பாகவே ஒலித்தது. இது ஏமாற்றா, கலையா?

1997இல் ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருள் வெளிவந்தது. நிலத்தடி எண்ணெய் தேடும் பணியில் ஒலியலைகளை ஆராய்ந்துவந்த ஆன்டி ஹில்டிபிராண்டு என்பவரின் படைப்பு அது. பாடகர் சுருதியை விட்டு விலகினாலும் அது இழுத்துச் சேர்த்துவிடும். அதற்கு முன்பே, 1990இல், மில்லி வனில்லி என்னும் இருவர் குழு பெற்ற கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. தட்டில் ஒலித்த குரல் அவ்விருவருடையது அன்று என்பது வெளிப்பட்டதே காரணம்.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் விலக்கு தமிழாசிரியர் அறியாததன்று: தீங்கு கலவாத நன்மை விளையுமானால் பொய்யையும் அவர் முற்றாகத் தள்ளிவிடவில்லை. அவ்விலக்கை ஒலிப்பதிவாளர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாமா? கூல்ட் அளவில் கொள்ளலாம் என்பதே என் எண்ணம். செய்ததை அவர் ஒளிக்கவில்லை. விரும்பியவர் அறிந்துகொள்ளுமாறு எழுதி வைத்தார். மில்லி வனில்லிப் பதிவில் குற்றம் வெட்டிய கத்தியில் இல்லை, உறையின்மேல் அச்சிட்ட பெயரில் இருந்தது. எனினும் ஒன்றை நினைக்க வேண்டும். இங்கே ஏமாந்தவர் இழந்தது ஒரு மகிழ்ச்சியும் சிறிது பணமும்தாம்.

மூன்றாம் படிப்பில் இழப்பு அத்துடன் நிற்பதில்லை.

அணு மருத்துவத்தின் மூலக்கருத்தை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்த ஹெவேசி. கதிரியக்கப் பொருளை மிகச் சிறிதளவு கலந்துவிட்டு, அது செல்லும் வழியைக் கருவியால் பின்தொடரலாம் என்று காட்டியமைக்காக 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இளமையில் மான்செஸ்டரில் தங்கியிருந்தபோது, விடுதிக்காரப் பெண்மணி மிச்ச இறைச்சியை மறுநாளும் பரிமாறுகிறார் என ஐயுற்று, தட்டில் எஞ்சியதில் சிறிது கதிரியக்கப் பொருளைத் தூவி, பின்னர் வந்த உணவில் அதைக் கருவிகொண்டு பிடித்தார் என்றொரு கதை வழங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒரு பொய்யை வெளிப்படுத்திற்று.

இன்று இத்துறையில் மிகுதியாகப் பயன்படுவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். காலை எட்டு மணிக்கு இருந்ததில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாதியே எஞ்சும், இரவு எட்டு மணிக்குக் கால்பங்கு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஊசி ஏறும்போது நோயாளி உணர்வது ஊசியின் குத்தலை மட்டுமே.

முதல் நோயாளி வருவதற்கு முன்பே தொழில்நுட்பரின் வேலை தொடங்கிவிடும். மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று அளவு தெரிந்த ஒரு மூலப்பொருளை வைத்துச் சோதிக்க வேண்டும். டெக்னீசியம் பிறப்பது மாலிப்டினம்-99 என்னும் தாய்ப்பொருளிலிருந்து. அத்தாய்ப்பொருள் மருந்தில் கசிந்திருந்தால் நோயாளியின் உடல் தேவையற்ற கதிர்வீச்சைத் தாங்க நேரும். எனவே அதையும் அளக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்திற்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் அது இருத்தலாகாது. படமெடுக்கும் காமாக் கேமராவின் பரப்பு எங்கும் ஒரே சீராக உணர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் கருவியின் குறை உடலின் நோயாகப் படத்தில் தோன்றலாம். நாள்தோறும் எண்கள் அநேகமாக ஒன்றுபோலவே வரும். நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைய கட்டத்தை நிரப்பிவிட்டால் யார் காணப் போகிறார்? மாலைக்குள் மருந்தின் பெரும்பகுதி தானாகவே அழிந்துவிடும். சான்றும் அத்துடன் தேய்ந்துவிடும்.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. எலும்பைப் படமெடுப்பதற்கு ஊசி போட்டபின் இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருப்பர். மருந்தில் ஒரு பகுதி நரம்பை விட்டு வெளியே சதையில் கசிந்திருந்தால், அவ்விடம் படத்தில் ஒளிரும். ஊசி செவ்வையாக ஏறவில்லை என்பதைத் தொழில்நுட்பர் தம் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால், வேறோர் அறையிலிருந்து படத்தைப் படிக்கும் மருத்துவர் திகைக்கக் கூடும்.

விதிகளும் கண்காணிப்பும் போதாவா என்பர் சிலர். விதி வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1977இல் அந்நாட்டில் இத்துறைத் தொழில்நுட்பர்க்கெனத் தனிச் சான்றிதழ் வாரியம் அமைந்தது நல்லதே. ஆனால் மார்பில் அணியும் கதிர்வீச்சு அளவி, அணிந்தவர் எவ்வளவு கதிர்வீச்சைப் பெற்றார் என்பதைச் சொல்லுமேயன்றி, காலையில் சோதனை நடந்ததா என்பதைச் சொல்லாது. ஆசிரியர்களாகிய நாம் இதனை அமெரிக்கா வரை சென்று தேட வேண்டியதில்லை. மாணவரின் கட்டுரையைப் படியாமலே பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் சரி அடையாளம் இட்டால், ஏட்டைப் புரட்டும் தலைமையாசிரியர் கண்ணுக்குக் குறையொன்றும் படாது.

பின் எதனால்தான் நேர்மை கைவரும்? இவ்விடத்தில் இசை மாணவனிடம் திரும்பிச் செல்லத் தோன்றுகிறது. மேடையில் அவனுக்கு அவை உண்டு, பயிற்சியறையில் எவருமில்லை. அங்கே ஒரே அடியை நாற்பது முறை வாசிக்கின்றான். முப்பத்தொன்பதாம் முறை சுருதி மயிரிழை விலகினால் அவன் செவியே அவனைக் குத்துகிறது. பிறர் கண்டுவிடுவரே என்னும் அச்சம் அன்று அது. அறிவுரை வகுப்பினால் இச்செவி வாய்ப்பதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதினால் வாய்க்கிறது. அணு மருத்துவ மாணவருக்கும் எண்ணிலே அத்தகையதொரு செவி முளைக்க வேண்டும்.

இம்முடிவோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் விருப்பந்தான். ஆனால் ஒலிப்பதிவாளர் குறுக்கே வருகின்றார். பொய்க்குரலைத் தட்டில் ஏற்றியவரின் செவியும் மிகக் கூர்மையானதே. வழு என்பதே இல்லாமல் ஏமாற்றினார். ஆகவே நுட்பத்தின்மேல் உள்ள காதல் மட்டும் ஒருவனை நல்லவனாக்கி விடாது. அவர் எதிரே கேட்பவர் முகம் இல்லை. அணு மருத்துவ மாணவருக்கோ அந்த முகம் உண்டு. பெயரைக் கேட்டு, பிறந்த நாளைக் கேட்டு, இருமுறை சரிபார்த்து, அஞ்சி நீட்டும் கையைப் பற்றித்தான் ஊசி போடுகிறார். பெயரை ஏன் இருமுறை கேட்க வேண்டும் என்று பயிற்சியில் கற்பிப்பவர், விதியைச் சொல்வதோடு நிற்கலாம். அல்லது எதிரே இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

மருத்துவமனைப் பயிற்சிக் காலம் முழுவதும் மாணவர் அருகில் தகுதிபெற்ற தொழில்நுட்பர் ஒருவர் இருப்பார். அளந்த எண்ணை அவரும் பார்ப்பார். தேர்வில் வென்று சான்றிதழ் பெற்றபின், விடியற்காலையில் அந்த அறையைத் திறந்து விளக்கைப் போட்டு, ஈயத் தடுப்பின் பின் நின்று, ஏட்டின் வெற்றுக் கட்டத்தை நோக்கும்போது அருகில் எவரும் இருக்கமாட்டார்.