நிறமும் நியாயமும்

மனிதர் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து குடியேறுவது சரித்திரத்துக்கும் முற்பட்ட வழக்கம். அவ்வாறு வந்தவனை நிறம் பார்த்து விலக்குவோரும் நியாயத்தின் பெயராலேயே விலக்கியிருக்கின்றனர். அந்த நியாயத்தின் தன்மையை அறிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளே போதும்.

பிற தேசத்தில் பிறந்தவர்களுள் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சத்தவருமே பிரஜா உரிமை பெறலாம் என்பது அக்காலத்து அமெரிக்கச் சட்டம். இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, வீட்டிலும் ஆங்கிலமே பேசி, தம் மேனியும் வெண்மையே என்று வாதாடிய தக்காவோ ஒஸாவா என்ற ஜப்பானியருக்கு, 1922 நவம்பரில் அவ்வுரிமை மறுக்கப்பட்டது. சட்டம் கருதுவது தோலின் நிறத்தையன்று, காக்கேசிய இனத்தையே என்றது நீதிமன்றம். மூன்றே மாதங்களில், பஞ்சாபில் பிறந்து, முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனையில் சேவை செய்த பகத் சிங் திந்த், மானிட சாஸ்திரிகளின் பாகுபாட்டின்படி தாம் காக்கேசியரே என்று காட்டியபோது, சாஸ்திரம் பிரமாணமாகாது, சாமானியர் யாரை வெள்ளையர் என்று கொள்கிறார்களோ அவர்களே வெள்ளையர் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரு தீர்ப்புகளையும் எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்தோ, இங்கிலாந்தில் பிறந்து குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவில் குடியேறியவர்.

முடிவை முன்னமே நிச்சயித்துக்கொண்டு காரணத்தைப் பின்னர் தேடும் இந்தப் பழக்கத்துக்குத் தத்துவ ஞானிகளும் விலக்கல்லர். நித்திய சமாதானத்தைப் பற்றி 1795இல் எழுதிய ஜெர்மானிய ஞானி காண்ட், பூமி உருண்டை வடிவினதாகையால் மனிதர் எல்லையின்றிச் சிதறி விலகிவிட முடியாதென்றும், ஆதியில் எந்த இடத்தின் மீதும் எவருக்கும் பிறரைவிட மிகுந்த பாத்தியதை இல்லையென்றும் கூறி, அந்நியனாக வருபவன் பகைவனாக நடத்தப்படலாகாது என்ற உரிமையை நிலைநாட்டினார். குடியேறித் தங்கும் உரிமைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு மனிதரை நான்கு இனங்களாகப் பகுத்து, அவற்றினிடையே உயர்வு தாழ்வும் கற்பித்தவர் அவரே.

தன்னுள் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத சமூகம் தன் இயல்பைக் காத்துக்கொள்ள முடியாது என்பர் மறுபக்கத்தார். அவ்வாதத்தில் சாரம் இல்லாமலில்லை. ஆனால் அதனை வலுவாக எடுத்துரைத்த அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர்கூட, உள்ளே வாழ்ந்து உழைப்பவனைப் பிரஜையாக்காமல் ஒதுக்கி வைப்பது கொடுங்கோன்மைக்கு ஒப்பாகும் என்று 1983இல் எழுதினார். இன்ன மண்ணில் பிறந்தேன் என்பது ஒருவன் சம்பாதித்த தகுதியன்று. ஆகவே அப்பிறப்பின் பலத்தால் பிறனைத் தடுப்பவன், தடுக்கப்பட்டவனும் தன் அறிவால் எடைபோடக்கூடிய காரணம் ஒன்றைக் காட்டக் கடமைப்பட்டவனாகிறான். மொழி, உழைப்பு, ராணுவ சேவை, சாஸ்திரப் பிரமாணம் என எதைக் கொண்டுவந்தாலும் இனத்தின் பெயரால் எழுப்பிய தடை நீங்காதெனில், அதனை நியாயம் என்று அழைக்க இடமில்லை.