மடியில் ஒலிக்காத தாளம்

கர்நாடக இசை மேடையில் முதன்முறை பாடவரும் குழந்தை பெரும்பாலும் வர்ணத்தில், அதாவது ஒரு ராகத்தின் முக்கியமான பிடிகளைக் கோத்து அமைத்த பயிற்சி உருப்படியில், தொடங்குவது வழக்கம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைபெறச் செய்த கச்சேரி முறையிலும் முதலிடம் அதற்கே. அவ்வர்ணம் ஆதி தாளத்தில் அமைந்திருந்தால், ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்த லகு, தட்டும் வீச்சுமான துருதங்கள் இரண்டு என எட்டு அட்சரங்கள் கொண்ட ஒவ்வோர் ஆவர்த்தனத்தையும், அதாவது தாளச் சுற்றையும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயின் வலக்கை மடிமேல் ஓசையின்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். முதல் காலத்தில் நிதானமாக இருந்த அந்தக் கை, அதே தாளத்துக்குள் அதே பகுதி இருமடங்கு விரைவாகப் பாடப்படும் இரண்டாம் காலம் நெருங்கும்போது சற்றே இறுகுகிறது. வீட்டுப் பயிற்சியில் எந்த இடத்தில் மூச்சுப் போதாமல் சுரம் நழுவியது என்பதை அறிந்தவர் ஆதலின், சபையோர் ராகத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் செவி குழந்தையின் மூச்சையே தொடர்ந்து செல்கிறது. இசைப் பயிற்சியே இல்லாத பெற்றோரிடமும் இக்கூர்மை குறைவதில்லை என்பது உண்மையில் வியப்புக்குரியது. இறுதிச் சுரக்கோவையைக் கடந்து, சரணத்தின் எடுப்பை, அதாவது தாளத்தில் அவ்வரி தொடங்கும் இடத்தை, குழந்தை பிசகாமல் பிடிக்கும்போது, அந்தக் கை ஒரு நொடி அசைவற்று நின்று, பின்னர் மீண்டும் தட்டத் தொடங்குகிறது.