அவனா தேடிக்கிட்டதா?

போதையால் மனம் பிறழ்ந்தவரைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சு உண்டு. "நிறுத்தினா சரியாயிடும்." இல்லையென்றால், "அவனா தேடிக்கிட்டது." எதைச் சொன்னாலும் நம் பொறுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

டென்மார்க்கில் 1994 முதல் 2014 வரை போதைப்பொருளால் மனப்பிறழ்வு என்று பதிவான 6,788 பேரின் கதி என்ன ஆனது என்று ஓர் ஆய்வு பார்த்தது. 2018இல் வெளியான அதன் முடிவுப்படி, மூன்றில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ உறுதியானது. கஞ்சாவால் பிறழ்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. மற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை என்பதும் அதே கணக்குதான்.

கஞ்சா நோயைக் கொண்டுவந்ததா, உள்ளே தூங்கியதை எழுப்பியதா, இல்லை, வரப்போகும் நோயின் தவிப்பில்தான் அவர் கஞ்சாவையே தொட்டாரா? ஒருத்தரை மட்டும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. மென்பொருளில் ஒரு பிழை என்றால் சந்தேகப்படும் வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்போம். வாழ்க்கையை அப்படி ஓட்டிப் பார்க்க வழியில்லை.

பிடித்தது அவர் கைதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு பழி என்று தெரியாதபோது, அதைக் காரணம் காட்டிக் கவனிப்பைக் குறைப்பது என்ன நியாயம்? மனச்சிதைவுக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு அது உறுதியாக மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு விசாரிப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். அந்த மூன்று வருஷமும் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்க ஒருத்தர் வேண்டும்.