உணவுச்சாலையிற் குழந்தைகள்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் மாலை வேளையில் அப்பகுதி ஐஸ்கிறீம் கடைகளுள் நுழைந்தோர் அறிவர்: அங்கே ஆட்சி குழந்தைகளுடையது. மேசைக்கு மேசை ஓடுவர். கரண்டியாற் கோப்பையைத் தட்டித் தாளம் போடுவர். அருகிலிருக்கும் பெரியவர் முகஞ் சுளித்து, “பிள்ளை வளர்க்கத் தெரியாத சனம்” என்று முணுமுணுப்பார். அவர் முணுமுணுப்பில் நியாயம் உண்டா?

பணங் கொடுத்து உண்ண வந்தவர் அமைதியை நாடுவதிற் தவறில்லை. ஆயினும் ‘ஒழுங்கு’ என்னுஞ் சொல்லை யாழ்ப்பாணத்தவராகிய நாம் சற்று நிதானித்தே கையாள வேண்டும். தாழ்த்தப்பட்ட மக்கள் தேநீர்க்கடையினுள் அமர்ந்து தேநீர் அருந்துவதே இக்குடாநாட்டில் ஒருகால் ஒழுங்கீனமெனக் கருதப்பட்டது. வாசலுக்கு வெளியே போத்தலிலும் தகரப் பேணியிலும் அவர்களுக்குத் தேநீர் வார்க்கப்பட்டது. 1930ஆம் ஆண்டை ஒட்டிப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது, நிலத்திலிருந்த பிள்ளைகள் வாங்கில் ஏறி அமர்வதையே பொறுக்கமாட்டாது பலர் கிளர்ந்தெழுந்தனர். அப்பிள்ளைகள் நிலத்தில் எவ்வளவு அமைதியாக இருந்திருப்பார்கள்! அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் ‘அடக்கம்’. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பேரால் உணவுச்சாலையில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் பல கதவுகள் போராடியே திறக்கப்பட்டன.

எனவே, அமைதியாக இருப்பதனாலேயே ஒரு பிள்ளை நல்ல பிள்ளை என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. நான்கு வயதுக் குழந்தை அரைமணி நேரம் அசையாதிருப்பது அதன் உடலியல்புக்கே மாறானது.

ஆனால், ஓடும் அக்குழந்தைக்கு எதிரே கொதிக்குந் தேநீரைத் தாங்கி ஒருவன் வருகின்றான். முணுமுணுக்கும் பெரியவரும் அவனைக் காண்பதில்லை, “குழந்தைதானே!” என்று சிரிக்கும் பெற்றோரும் காண்பதில்லை. தேநீர் சிந்தினால் வேகுவது அவன் கை, துடைப்பவனும் அவனே. அவனும் பெரும்பாலும் இளைஞன். ஒருகாற் பள்ளிப் பருவத்தை இப்போதுதான் கடந்தவன். வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக நம் நாடு உயர்த்தியதே 2021இல்தான்.

தகப்பன் அவனை நோக்கி, “டேய், இஞ்சை வந்து துடை” என்கின்றான். குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் கூச்சல் வயதேற அடங்கிவிடும். அன்று செவிவழி கற்ற ‘டேய்’ அடங்குமா? உணவுச்சாலையில் நாம் கவலைகொள்ள வேண்டிய ஒழுங்கீனம் இதுவே. அது பெரும்பாலும் பெரியவர்களுடையது.

செய்யக்கூடியது அரிதொன்றுமன்று. உணவு வரும்வரை பிள்ளையை வீதிக்கு அழைத்துச்சென்று தேரையோ கடைகளையோ காட்டலாம். “அந்த அண்ணா சுடுதேத்தண்ணி கொண்டு வாறார், வழி விடு” என்று சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். சிந்தியதைத் துடைக்கத் துணியை வாங்கிப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கலாம். பக்கத்து மேசையார் நகைப்பர். முதலாளி பதறி ஓடிவந்து தடுக்கவுங்கூடும். கொடுத்துப் பார்க்கட்டும்.