நோயாளியின் மீது பழி சுமத்தலாமா?

கர்ப்பப்பை வாயில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி நம் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அது தாம்பத்திய உறவின் வழியே பரவும் ஒரு கிருமியால் வருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டதே இதற்குக் காரணம். அந்த அரைகுறைச் செய்தியிலிருந்து, 'அப்படியானால் அவள் எப்படிப்பட்டவளோ?' என்ற சந்தேகம் பிறந்துவிடுகிறது. இந்தச் சந்தேகத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் உண்மை நிலையைத் தெரிந்துகொள்வோம். அக்கிருமிக்கு மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்று பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட இதன் வகைகளில் ஏறத்தாழ ஒரு டஜன்தான் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே இந்நோயில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம். 1983-84 இல் இவற்றைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியே வைரஸ் தோலின் அடி அடுக்கிலுள்ள உயிரணுவில் புகுகிறது. அளவுக்கு மீறிப் பெருகாதபடி உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் இரு காவலர்களை அல்லாஹ் அதனுள் அமைத்திருக்கிறான். பி53, ஆர்பி என்பன அவற்றின் பெயர்கள். வைரஸின் ஈ6 என்ற புரதம் முதல் காவலரை அழிக்கிறது. ஈ7 என்ற புரதம் மற்றவரைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே கிருமியை அப்புறப்படுத்திவிடுகிறது. எஞ்சியவர்களிலும் சிலருக்கே, பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, அது புற்றாகிறது.

இப்போது நீதியோடு சிந்தியுங்கள். கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பத்தினிக்கும் அவன் மூலமாகவே வந்திருக்கலாம். தன்னிடம் அது இருப்பது அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். அப்படியிருக்க, நோயைச் சாட்சியாக வைத்து ஒருத்தியின் கற்பைத் தீர்ப்பது எப்படி? கற்புள்ள பெண்மீது பழி சொல்பவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்றும், தவறினால் எண்பது கசையடி என்றும் அந்நூர் அத்தியாயம் விதிக்கிறதே! பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் அதே அத்தியாயத்தில் முதலில் ஆண்களுக்கே இடப்பட்டுள்ளது. அய்யூப் நபி (அலை) அவர்களின் நோய் பாவத்தின் அடையாளமா? நோயைக் கண்டதும் குற்றத்தைத் தேடுவது ஜாஹிலிய்யாக் காலத்துப் புத்தியேயன்றி வேறில்லை.

'நம் ஆண்கள் சுன்னத் செய்தவர்கள். நமக்கு இது வராது' என்று அலட்சியமாக இருப்பாரும் உண்டு. சுன்னத் செய்த ஆண்களிடம் இக்கிருமி குறைவாகக் காணப்படுவது உண்மையே. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் குறைவு என்பது இல்லை என்றாகாது.

அடுத்தது வெட்கம். ஹயா ஈமானைச் சேர்ந்தது, ஐயமில்லை. ஆயினும் மாதவிடாயின் சுத்தத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிந்த அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். தேவைக்காக மருத்துவரிடம் உடலைக் காட்ட ஷரீஅத் இடமளிக்கிறது; பெண் மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை நடத்தப்பட்டது. அதனால் இந்நோயின் மரணங்கள் 35 சதவிகிதம் குறைந்ததாக 2007 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இவை வெட்கத்தால் இழந்திருக்கக்கூடிய உயிர்கள் அல்லவா?

இனி, தடுப்பூசி. கிருமி வருமுன், 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்த பலன் தரும். இந்தியாவில் தயாரான ஊசி 2023 முதல் கிடைக்கிறது. 'மகளுக்கு இதைப் போடுவது அவளைச் சந்தேகிப்பதாகாதா? தவக்குலுக்கு மாறானதாகாதா?' என்று கேட்கிறார்கள். 1961 இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தவரை, கடலில் இறங்கியவர் இறைவனை நினைத்துத்தான் இறங்கினார். ஆயினும் கயிறில்லாமல் இறங்கவில்லை. மேலே படகில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தார். அது நம்பிக்கைக் குறைவென்று காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ எவரும் சொன்னதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. பெண்பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவளுடைய ஒழுக்கத்தைப் பேணுவதைப் போலவே உடலைப் பேணுவதும் பெற்றோரின் கடமை.

ஆகவே சகோதரிகளே, முப்பது வயதைக் கடந்தவர்கள் பரிசோதனைக்குத் தயங்காதீர்கள். சகோதரர்களே, மனைவியை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். நோயுற்ற பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் துஆவை எடுத்துச் செல்லுங்கள்; சந்தேகத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். வல்ல நாயன் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் நாவுகளுக்கு அடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.